முப்பத்தைந்து ஆம்பியர் தலைப்பாகை

ஏழு ஃபியூஸ் போயிற்று என்றாள்
நெல்பா இரிகராய்.
ஏழையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்,
விழுந்த பால்பற்களைப் போல.
எல்லாவற்றின் கண்ணாடி வயிற்றிலும்
ஒரே கரிக்கறை.

எங்கே போகிறது?
டைமான் ஆற்றுப் பாலத்தில்.
தினமுமா?
போகும்போது மட்டும். வரும்போது சமர்த்து.

சால்ட்டோவில் அது ஆரஞ்சுக் காலம்.
லாரிகள் சிந்திய பழம் நசுங்கி
பட்டறை வாசலெல்லாம் பிசுபிசுப்பு.
ஐம்பத்தேழாம் வருட மோரிஸ், நத்தை நிறம்.
திரும்புவதற்கு மினுக்கும் விளக்கு கிடையாது;
கதவோரத் தூணிலிருந்து
செம்மஞ்சள் கையொன்று வெளியே நீளும்,
விடை தெரிந்த பையனைப் போல.

வண்டி முழுவதற்கும் இரண்டே ஃபியூஸ்.
ஒன்று ஹாரனுக்கு.
மற்றது பச்சைக் கம்பிகள் அத்தனைக்கும்:
வைப்பர், பிரேக் விளக்கு, பெட்ரோல் முள், அந்தக் கை.
பாலத்தில் பச்சை செத்தால்
மழை கண்ணாடியிலேயே தங்கிவிடும்.
நீ நிற்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.
நிறைந்த டாங்க்கைக் காலி என்று முள் பொய் சொல்லும்.

தலைக்கு வருவதைத்
தலைப்பாகையோடு அனுப்பிவைக்கத்தான்
இந்தக் கண்ணாடிக் குழல்.
ஏழு தலைப்பாகை போயும்
தலைக்கு வந்தது எதுவென்று
அவள் குனிந்து பார்க்கவில்லை.

ஃபியூஸ் பிடிப்பைச் சுரண்டும்போது
அடியில் ஒரு ஜிகினாத் துணுக்கு.
சிகரெட் பெட்டியின் உள்தாள்.
அங்கேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டாள்,
மொண்டெவிடியோவுக்கு.
ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் சுற்றினேன், என்றான் எலிசெயோ,
புகை வந்தது, தள்ளிப்போய்க் கொட்டகையில் விட்டேன்.
இதைச் சொல்ல உனக்குப் பதினொரு வருஷமா?
மறுமுனையில் ஓசையே இல்லை.
ஃபியூஸ் போயிருக்கும், என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

பச்சையில் தொங்கியதையெல்லாம் கழற்றிவிட்டு
ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்ப் மாட்டினேன்.
பழுது வாய் திறந்தால் அது எரியும்.
ஒயரை உலுக்கினேன். கதவை அறைந்தேன்.
பம்பரில் ஏறிக் குதித்தேன்.
மதியம் முழுக்க இருட்டு.

நாலு மணிக்கு அவள் மாத்தே ஊற்றிக்கொண்டாள்.
பழக்கதோஷம்,
வெந்நீர் பிளாஸ்க்கை டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த தட்டில்
உள்ளே தள்ளி வைத்தாள்.
பல்ப் எரிந்தது.

போகும்போது நிறைந்த பிளாஸ்க், தட்டில்.
வரும்போது காலி, பின்சீட்டில் உருளும்.
அவ்வளவுதான் பாலத்தின் மர்மம்.
பிளாஸ்க் தள்ள, பாலத்து இணைப்பு குலுக்க,
ஒயர்க் கட்டு சாய்கிற இடத்தில்
ஒரு திருகாணி முனை, பல் துலக்காத பல்லாய்.

முன்பக்கம் போய்ப் பார்த்தேன்.
தகட்டில் சான் கோனோ,
லாட்டரிச் சீட்டுக்காரர்களின் புனிதர்.
பயணத்துக்குத் துணையென்று
எலிசெயோ முறுக்கிய ஆணி.
காக்க வந்தவரின் கால்விரல்
பச்சைக் கம்பியின் தொண்டையில்.

கழற்றிவிடவா?
இரண்டு அங்குலம் நகர்த்து, போதும், என்றாள்.
அவர் சொன்ன எண் ஒருதடவை விழுந்திருக்கிறது.

வெந்துபோன ஒரு முழம் கம்பியை மாற்றினேன்.
முகப்பு விளக்குக்கு எந்த ஃபியூஸ் என்று கேட்டாள்.
இல்லை.
நீலக் கம்பிக்கு யாரும் தலைப்பாகை கட்டவில்லை.
எரிந்தாலும் எரியட்டும்,
வளைவில் குருடாக்காதே என்று
எங்கோ ஒரு வரைபட மேசையில்
எவனோ முடிவெடுத்திருக்கிறான்.
முகம் தெரியாத அவனோடு
இருட்டும்வரை மனசுக்குள் வழக்காடினேன்.
பிறகு இடக்கண்ணுக்கு ஒன்று,
வலக்கண்ணுக்கு ஒன்று வைத்தேன்.

கேட்காத வேலைக்குக் காசில்லை என்றாள்.
ஒரு கூடை ஆரஞ்சை இறக்கிவிட்டுப் போனாள்.
பாதி அழுகல்.

தெருமுனையில் செம்மஞ்சள் கை நீண்டது.
திரும்பி முடிந்தும் உள்ளே போகவில்லை.
அது மின்சாரம் இல்லை,
எண்ணெய் காணாத மூட்டு.
வருவாள்.